சரிதாவின் கேஸ் ஷீட்

முத்தியால்பேட்டை,
12.12.2006

அன்புள்ள மாமாவுக்கு, சந்திரகலா எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

போன கடிதத்தில் என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எனக்கு முன்னால் உங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்து நின்றுபோன சரிதா எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாளாம். கம்ப்யூட்டரில் பார்த்து என்ன வியாதி என்று நான் எழுத வேண்டுமாம். நோயாளிகளின் விவரத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

ஆனாலும் வயிறு எரிந்தது. அவள் கேஸ் ஷீட்டைத் திறந்துவிட்டேன். யார் திறந்தாலும் கம்ப்யூட்டரில் பேர் பதிந்துவிடும் என்பதை மறந்துவிட்டேன். மறுநாளே எங்கள் சூப்பர்வைசர் மேடம் கூப்பிட்டு, "உன் வார்டு இல்லியே, எதுக்குமா தொறந்த?" என்றார்.

"சொந்தக்காரங்க மேடம்" என்று புளுகினேன்.

"சொந்தம்னா ஆரஞ்சு வாங்கினு நேர்ல போய்ப் பாரு."

வார்டிலிருந்து மாற்றிவிட்டார்கள்; இப்போது டோக்கன் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். கவலைப்படாதீர்கள், சம்பளம் அதேதான். பனி அதிகம், என் நீலப் போர்வை வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டு வாருங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

வியாதிப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை, மாமா. அவசரமென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் உங்கள் பேர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்ததா இல்லையா என்று சொல்லமாட்டேன். அதுவும் நோயாளியின் விவரம்தான்.

உங்கள் மனைவி,
சந்திரகலா