நீ வாசித்துக்கொண்டிருந்தபோது நிறுத்திவிட்டேன்

என் பிரிய மச்சான் சாலமனுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். எனக்குச் சிதம்பரம் ஆபீசுக்கும் கடலூருக்கும் இன்னமும் அதே பஸ், அதே நின்றபடி பயணம். உடம்பு அலுத்துப்போச்சு. இந்த அலுப்பில்தான் உன்னை ஏமாற்றினேன்.

சென்னையில் பெரிய வாத்தியக் குழுவோடு நீ கிளாரினெட் வாசித்த சிடியைக் கொண்டுவந்து கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இந்தக் காலத்து மேற்கத்திய இசை. முதல் உருப்படி வயலின், அடுத்தது செல்லோ என்கிற பெரிய வயலின், மூன்றாவது உன்னுடையது. "முழுசா கேளு மச்சான். நான் செத்தா நம்ம தெருவுல இததான் போடணும்" என்று சிரித்தாய். சரி என்றேன். பிறகு நீ விசாரித்தபோதெல்லாம், கேட்டேன், பிரமாதம் என்றேன். கேட்டதே இல்லை மச்சான். செல்லோ வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று மைக் செட் கட்டி அதைத்தான் போட்டேன். தெருவே முகம் சுளித்தது. கொடுத்த வாக்காச்சே என்று விறைப்பாக நின்றேன். மூன்றாவதில் பாதியில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வந்தது, மற்ற வாத்தியமெல்லாம் அடங்கிவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சிடி சிக்கிக்கொண்டது என்று நினைத்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். அப்புறம் கீர்த்தனை போட்டார்கள்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி எஸ்தர் அதைப் போட்டிருந்தாள். அந்த இடம் வந்ததும் நான் எழுந்து பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"உக்காருண்ணே. அது சிக்கல. அவுரு அங்க அப்படித்தான் வாசிக்கிறாரு."

உட்கார்ந்தேன். நடுவில் நீ மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. பிறகு ஒவ்வொரு வாத்தியமாக உன் சுரத்தோடு வந்து சேர்ந்துகொண்டது.

"அன்னிக்கு நீ அழுகை தாங்காமதான் நிறுத்தச் சொன்னேன்னு நெனச்சேன்" என்றாள்.

இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் எழுந்துபோய் டீ போட்டாள். நான் கேட்கவில்லை என்பது உனக்கும் தெரியுமா? தெரிந்துதான் திரும்பத் திரும்ப விசாரித்தாயா?

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் அதே மைக் செட்காரர் வருகிறார். ஒரே சுரம் வரும், பதறாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவைத்துவிட்டேன். யார் எழுந்து வந்தாலும் நான் செட் பக்கத்திலேயே நிற்பேன். நீ வாசித்து முடிக்கிறவரை ஒருத்தரையும் தொட விடமாட்டேன். தூங்கவும் மாட்டேன்.

எஸ்தரின் அண்ணன்,
உன் மச்சான் தேவராஜ்