இடது உதடு கூப்பிட்ட பேர்

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், அவளுடைய முழங்கால் வலியும் கூடவே சுகமாக இருக்கிறது. நான் பாதி சுகம், மற்ற பாதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாகக் கோணிக்கிடக்கும் என் இடது முகத்துக்காக இரண்டு மாதமாய் ஊசி வைத்தியரிடம் போகிறேன். மருந்து ஊசி இல்லை, ஊசிக்குள் முடியைவிட மெல்லிய நூல் இருக்கும், கன்னத்திலும் உதட்டோரத்திலும் குத்தி நூலைத் தோலுக்கடியில் விட்டுவிட்டு ஊசியை மட்டும் உருவிக்கொள்வார், நூல் சில மாதத்தில் தானே கரைந்துவிடுமாம். பழையபடி ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன், கொஞ்சம் அசைஞ்சாலே லாபம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உன் அம்மாவோ, கிழிஞ்ச சட்டையைத் தைக்கச் சொன்னா மூஞ்சியத் தைச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே என்கிறாள். ஆனால் போன வாரம் உதட்டோரம் லேசாகத் துடித்ததும் முதலில் அழுதது அவள்தான்.

வித்தியாசம் தெரிய வாராவாரம் ஒரு படம் எடுத்து வரச் சொன்னார் வைத்தியர். பாஸ்போர்ட் படம் எடுத்தே பிழைக்கிறவனுக்கு அதைச் சொல்லவா வேண்டும். எடுத்தவன் சும்மா இருக்காமல் இடது பாதியை மட்டும் திருப்பிப் போட்டு ஒட்டி முழு முகமாக்கினேன். அசையாத பக்கத்தில் சுருக்கம் விழாது அல்லவா, அச்சில் வந்த ஆள் என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். நீ பெட்டியோடு படியிறங்கிய அன்றைக்கு இருந்த அதே ஆள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தான். எனக்குப் பிடிக்கவில்லை, மேசை இழுப்பறையில் குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. கேட் பக்கத்தில் நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய், கூப்பிட வார்த்தை உதடு வரைக்கும் வந்தது, வீம்பில் விழுங்கிவிட்டேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. அதற்குப் பிறகு கூப்பிட நினைத்தாலும் உதடு ஒட்டாமல் உன் பேர் வெறும் காற்றாகப் போயிற்று. அதனால்தான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடிதமாக எழுதித் தள்ளுகிறேன், கோபத்தில் இல்லை. நீ அப்படி நினைத்திருந்தால் அது என் தப்பு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்னறைக் கடையில் தனியாக உட்கார்ந்து படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன், ஒன்றைப் பல்லில் கவ்வியிருந்தேன். பாப்பா என்று யாரோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து, பாப்பா வந்திருக்காளா, பழைய குரல்ல கூப்பிட்டீங்களே என்றாள். பல்லில் கவ்விய படம் அப்படியேதான் இருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். கவிழ்த்து வைத்தது மல்லாந்து கிடந்தது, உதடு லேசாகத் திறந்திருந்தது. முப்பது வருஷத் தொழிலில் வாய் திறந்த படத்தை நான் அச்சடித்ததே இல்லை பாப்பா. வைத்தியரிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவார். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வியாழக்கிழமை போவேன்.

ஏசி காற்று நேரே முகத்தில் படும்படி படுக்காதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வரும், அன்றைக்கு அம்மா பேச மாட்டாள், மறக்காமல் எடு. பாப்பா, போகாதே என்று ஒரு குரல் சொன்னால் பயந்து வைத்துவிடாதே. நீ போய்ப் பதினோரு வருஷம் ஆனது அவனுக்கு இன்னும் தெரியாது, நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா, இரண்டு பக்கமும்