பாஸ்டரம்மா போட்ட காபி

ஜூன் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமே இல்லை. பின்னறையில் உட்கார்ந்து ஒரே லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, அந்தக் கண்ணாடிக்கு மூக்குத்தி அளவுல ஃபிரேம் தேடணும் போலிருக்கே?" என்றார். சிரித்து வைத்தேன்.

நேற்று ஆராதனையில் இவர் மேடையில் நின்று, எங்கள் மகளுக்கு வலிப்பு நோய் குணமாகிவிட்டது என்று அறிவித்துவிட்டார். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்று காலை ஆண்டவர் என்னோடு பேசினார்" என்றார். சபை முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. மகள் முதல் வரிசையில் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு குப்பையில் போட்டாள்.

"இனி இதச் சாப்பிட்டா அப்பா சொன்னதப் பொய்யாக்குற மாதிரிம்மா. கடவுளையே பொய்யாக்குற மாதிரி."

சின்ன வயதிலிருந்து மாத்திரையால்தான் அவள் நிற்கிறாள். இவருக்குத் தெரியாதா? "எப்பங்க சொன்னார் ஆண்டவர்? என்ன வார்த்தையில சொன்னார்?" என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. பாஸ்டர் மனைவி அப்படிக் கேட்கலாமா?

ஜூன் 5, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது அவள் கை ஒரு உதறு உதறியது. பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த உதறல் எனக்குத் தெரியும். பெரியது வருவதற்கு முன்னால் வருவது.

இவரிடம் சொன்னேன். "சந்தேகம் வேண்டாம். சந்தேகப்பட்டா கிடைச்ச சுகமும் போயிடும்" என்றார்.

மதிய இடைவேளையில் மருந்துக் கடைக்குப் போனேன்.

ஜூன் 6, வியாழன்

பொடித்தேன். கலக்கினேன். குடித்தாள். "காபி ஏம்மா இப்படிக் கசக்குது?" "தூள் மாத்தியிருக்கேன்" என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

உதறல் நின்றுவிட்டது. காலையும் மாலையும் கொடுக்கிறேன். "நம்ம வீட்டுக் காபிக்குத் தனி ருசிம்மா" என்கிறாள். பாவி நான், அதற்கும் சிரிக்கிறேன்.

இன்று அவளை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார். ஒரு மாத்திரைகூடத் தொடவில்லை, ஒரு தடவைகூட விழவில்லை என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்த வரை எல்லாம் உண்மை. அடுத்து என்னிடம் மைக்கை நீட்டினார்கள். "அம்மாவும் ஒரு வார்த்தை!" நான் "ஆண்டவருக்கு நன்றி" என்றேன். அதுவரை நான் செய்தது ஒரு தாய் செய்வது. மைக்கைப் பிடித்த பிறகு அது என்ன?

புதிதாக நிறைய பேர் வந்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பூனைக்கண் கடைக்கு வந்தாள். சலூன்காரர் மனைவி. இளம் பச்சையாகக் கண்கள், அதனால் சபையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் முதலில் எழும்பும். போன வருடம் என் கையால்தான் அவளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கும் வலிப்பு.

கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது என்றாள். திருகு நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்கக் கூடாது. நெசமாவே பாப்பாவுக்கு மாத்திரை குடுக்கறதில்லையா?"

முன்னால் ஒரு வாடிக்கையாளர் நின்றார். முதலாளி நின்றார். ஒரு நொடிதான். "ஆண்டவர் பெரியவர்மா" என்றேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது! "எனக்கு அது போதும்க்கா" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

நான் பொய் சொல்லவில்லை. ஆண்டவர் பெரியவர்தான். எவ்வளவு சுலபமாக அவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பூனைக்கண் தன் மாத்திரைகளைக் கொண்டுவந்து மேடைப் படியில் வைத்தாள். கைதட்டல். நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழவில்லை. நாளை அவளைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

இன்னும் சொல்லவில்லை. இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? சபை என்ன சொல்லும்? மகள் என்னை மன்னிப்பாளா? நாளை நாளை என்று தள்ளுகிறேன்.

ஜூலை 16, செவ்வாய்

பூனைக்கண் போய்விட்டாள்.

குளிக்கப் போனவள் வரவில்லையாம். தண்ணீர் தொட்டி மேல் விழுந்து கிடந்தாளாம். கதவை உடைத்திருக்கிறார்கள். குழந்தை வெளியே உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததாம்.

எழுத முடியல. ஐயோ, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா –

ஜூலை 18, வியாழன்

அடக்கம் முடிந்தது. சலூன்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றார். இவர் ஜெபம் செய்தார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. திரும்பும்போது காரில், "அவளுக்கு விசுவாசம் கொஞ்சம் குறைவு. உள்ளுக்குள்ள பயம் இருந்திருக்கு" என்றார்.

பயமா? அவளுக்கா?

ஞாயிறு வகுப்பில் ஞானம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பிள்ளைகளிடம் கேட்பேன். "கடவுள் பயத்துல!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். சரியான விடை, உட்காருங்கள் என்பேன். பயம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. வாயைத் திறக்கும்போதெல்லாம் கடவுள் சொன்னார் என்று சொல்ல இவருக்குப் பயம் இல்லை. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொள்ள எனக்குப் பயம் இல்லை. நான் பயந்ததெல்லாம் மனிதர்களுக்கு. இவருக்கு. கைதட்டினவர்களுக்கு.

நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பப் பாடமே படிக்காதவர்கள்.

ஜூலை 19, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சமையலறையில் நின்று, காபி போடும்போதே, இவர் கண் முன்னால் மாத்திரையைப் பொடித்தேன். முதலில் புரியவில்லை. "என்ன அது?" "உங்க அற்புதம்" என்றேன். அவ்வளவு கொடூரமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "வெளிய சொல்லாதே" என்றார். "சபை உடைஞ்சிடும்."

மகள் வாசலில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

"என்னை மேடையில நிக்க வெச்சீங்களே ரெண்டு பேரும்." கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. "அவங்க என்கிட்ட வந்து கேட்டாங்கம்மா. பூனைக்கண் அக்கா. நான் தைரியம் சொல்லி அனுப்பினேன்."

பையை எடுத்துக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 24, புதன்

சலூன் திறந்திருந்தது. சலூன்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க பாஸ்டரம்மா" என்று துண்டால் நாற்காலியைத் துடைத்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, காபி, அவள் கடைக்கு வந்தது, நான் சொன்ன பதில்.

திட்டுவார், காறித் துப்புவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். கடைசியில் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார்:

"உங்க பொண்ணுக்குக் காபி போட்டுக் குடுக்க நீங்க இருந்தீங்க. எம் பொண்டாட்டிக்கு யாரு இருந்தா?"

பிறகு, "போங்கம்மா. நீங்க நிக்கிற வரைக்கும் என்னால அழ முடியாது" என்றார்.

ஜூலை 28, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தேன். "ஆண்டவரே" என்று சொல்லவே நாக்கு எழவில்லை. அந்தச் சொல்லை எதற்கெல்லாம் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன்! மன்னிப்புக் கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்டால் உடனே கிடைத்துவிட்டது என்று நானே சொல்லிக்கொள்வேனோ என்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போனேன். கடைசி வரிசை.

இவர் மேடை ஏறினார். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சட்டை தொளதொளவென்று தொங்கியது. மைக்கை அணைத்துவிட்டுப் பேசினார். "ஆண்டவர் என்கிட்ட பேசினார்னு சொன்னேன். பேசல. எம் மகளுக்குச் சுகமாகணும்னு நான் ஆசைப்பட்டேன். என் ஆசைக்கு அவர் பேரை வெச்சேன். அதை நம்பி ஒருத்தங்க செத்துட்டாங்க. மாத்திரைய நிறுத்தினவங்க இன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. தயவு செஞ்சு போங்க."

ஒரே கூச்சல். யாரோ நாற்காலியை உதைத்தார்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, "மனுஷனை இப்படிக் கவுத்துட்டியே" என்றாள். வாசலில் இரண்டு பேர் மட்டும் அவசரமாக வெளியேறினார்கள். வீட்டில் மாத்திரையை நிறுத்திய யாரோ இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வாடகைக்கு எடுத்த மண்டபத்தைக் காலி செய்தாயிற்று. இவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். மகள் டாக்டரிடம் போய் வருவதாகத் தங்கை சொன்னாள். என்னோடு பேசமாட்டேன் என்கிறாளாம். அவள் பேசாவிட்டால் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சலூனைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். குழந்தை வாசலில் விளையாடுகிறது. அதே பச்சைக் கண்கள். சலூன்காரர் என்னைப் பார்ப்பதில்லை. வேறு தெரு வழியாகப் போகலாம்தான். போகமாட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

இருட்டு. அவ்வளவுதான்.

அக்டோபர் 5, சனி

சாயங்காலம் மாடி வீட்டுப் பெரியம்மா வந்தார். அவர் கணவருக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். வாசலிலேயே நின்று இவரிடம், "நீங்க பழைய பாஸ்டராச்சே. நல்லபடியா முடியுமான்னு ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

நான் கையில் இருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் இந்தக் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்.

இவர் தலையை ஆட்டினார். "அது எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொல்ல எனக்குப் பயமா இருக்கு. ஆனா ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன். டாக்டர் சொல்றத ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கலாம்."

அந்தப் பெரியம்மாவுக்கு ஏமாற்றம். இருந்தாலும் போகவில்லை. "சும்மா ஒரு ஜெபமாவது பண்ணுங்க" என்றார்.

இவர் முழங்காலில் நின்றார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பெரியம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இவர் மெல்ல, கரகரத்த குரலில், "நீங்க ஆண்டவர். நாங்க இல்ல. அவரைப் பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான் ஜெபம்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். இன்றுதான் எதிரே ஒருவர் இருப்பதுபோல் பேசினார்.

நானும் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.