ஸ்பார்ட்டாவில் ஒரு பாராட்டு

அன்புள்ள ஆர்க்கிப்பே,

உன் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலம். இங்குள்ள ஒப்பந்தக் கல்லை நமது ஏதென்ஸ் பிரதியோடு ஒப்பிடும் வேலை பாதி முடிந்தது. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை பார்க்கிறேன். பேச்சில்தான் அந்தக் கவனம் போதவில்லை.

எனக்குப் பணிவிடை செய்ய கோமோன் என்ற அடிமையை விட்டிருந்தார்கள். வெள்ளத்தில் என்னைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தான். பொது உணவுக்கூடத்தில் அதிகாரி தீமாயோஸிடம், "உங்க ஆளு நல்ல பலசாலி, புத்திசாலியும்கூட" என்றேன். நம் ஊரில் இதைக் கேட்டால் உடையவர் மகிழ்வார்.

"அப்படியா பெரியவரே? நாங்க கவனிக்கலையே" என்று அவர் கறுப்புக் கஞ்சியை உறிஞ்சினார்.

மறுநாள் கோமோன் வரவில்லை. "கழுத்த அறுத்தாச்சு. நிமிர்ந்து நிக்கிற அடிமைய நாங்க விட்டுவைக்கிறதில்ல. ஏதென்ஸ்காரர் கண்ணு கூர்மைதான்" என்று தீமாயோஸ் என் முதுகில் தட்டினார்.

இப்போது வேறொருவன் வருகிறான். நேற்று அவன் எதிரிலேயே, "இவன் எப்படி?" என்று தீமாயோஸ் கேட்டார்.

"மண்டு. சோம்பேறி" என்றேன்.

வெளியே வந்ததும் அவன் என் கையை முத்தமிட்டான்.

நீ கவலைப்பட ஒன்றுமில்லை. குளிருக்குக் கம்பளிப் போர்வை ஒன்று வேண்டும். நம் வீட்டு அடிமை மானெஸிடம் மட்டும் கொடுத்தனுப்பாதே. அவன் வாட்டசாட்டமானவன்.

இக்கடிதத்தைக் கொண்டுவரும் தூதர் கிளம்புகிறார்.

தெலெஸியாஸ்