ஓலை வெட்டாத பனைகளைப் பார்க்கப் போனோம்

என் தவம் மச்சாளுக்கு,

இதை மூன்று தரம் எழுதத் தொடங்கி மூன்று தரமும் இடையில் எழும்பிப் போய்விட்டேன். ஒருக்கால் உடுப்பு மடிக்க. ஒருக்கால் கேற் பூட்டியிருக்கிறதோ என்று பார்க்க. ஒருக்கால் ஒன்றுக்குமில்லை, சும்மா. உங்களிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது. செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகவேண்டும் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த சுண்டிக்குளத்துக்குப் போய், அந்தப் பனைகளைப் பார்த்துவிட்டு வந்தோம். அண்ணைதான் வான் ஓட்டினார்.

நம்புவீர்களோ தெரியாது. உங்கள் மனுசன், முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு எடுத்த பிறகு உங்களைக் கோயிலுக்கு ஏற்றிப்போகக்கூட அலுத்துக்கொண்ட அதே மனுசன்.

நீங்களும் ஜெயா ரீச்சரும் சேர்த்த அந்தக் கூட்டத்தை எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் 'மரம் பாக்கிற ஆக்கள்' என்று சொல்லிச் சிரித்தது உங்களுக்கும் தெரியும். நெடுந்தீவுக்குப் பெருக்கு மரம் பார்க்கப் போனீர்கள். மண்டைதீவுக்குக் கண்டல் பார்க்கப் போனீர்கள். அதற்கெல்லாம் அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. சுண்டிக்குளத்துப் பனை என்றதும்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "பனையைப் பாக்க ஆரேன் வான் பிடிச்சுப் போறதே? வளவுக்கை பதினொரு பனை நிக்குது. கதிரையைப் போட்டு இருந்து பார்." நானும் கூடச் சிரித்தேன், மச்சாள். அதை மறைக்கப் போவதில்லை.

நீங்கள் கண்ணை மூடினபிறகு அண்ணை வீட்டில் இருப்பதில்லை. காலமை மோட்டார் சைக்கிளை எடுத்தால் கொழும்புத்துறை இறங்குதுறை, அங்கிருந்து ரவுண், அங்கிருந்து திருநெல்வேலிச் சந்தை. வாங்குவது ஒரு கட்டுக் கீரை. திரும்பி வந்து கேற்றடியில் நின்றுவிட்டு மறுபடி போவார். ஒரே வளவில் இரண்டு வீடு என்றபடியால் எனக்கு எல்லாம் தெரிகிறது. நானும் அப்படித்தான். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்து இருந்ததில்லை. இருந்தால் கதைக்கவேண்டி வரும். கதைத்தால் அந்தக் கதைக்குத்தான் வரும்.

அந்தக் கதை என்னவென்று இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லவேண்டும். உங்களுக்கு வந்த வருத்தத்தின் பெயர் புற்றுநோய் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. குடலில் புண் என்று சொன்னோம். உறைப்பைக் குறையுங்கோ, மாறிவிடும் என்று சொன்னோம். ஆஸ்பத்திரிக் காகிதங்களை என்னுடைய அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். முடிவெடுத்தது அண்ணை. தலையாட்டியது நான். "அவவுக்குத் தெரிஞ்சால் நாளைக்கே விழுந்திடுவா" என்றார். ஐந்து மாதம் நடித்தோம்.

ஆவணி பிறந்து ஒரு கிழமையில் ஜெயா ரீச்சர் வந்தார். கூட்டத்தில் ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள் வருகிறார்கள், வான் கிடைத்துவிட்டது, ஓட்ட ஆள் இல்லை என்றார். எங்கே என்று அண்ணை கேட்டார். சுண்டிக்குளம் என்றதும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

"நான் ஓட்டுறன்" என்றார்.

காலமை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கொடிகாமம் தாண்டும்வரை பின்னால் இருந்தவர்கள் பாட்டுப் படித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள், அண்ணை ஓட்டின ஓட்டம் அப்படி. பளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தவில்லை. புதுக்காட்டுச் சந்தியில் திரும்பி மருதங்கேணிக்குப் போய்க் கடற்கரை றோட்டில் ஏறினபிறகும் அதே வேகம். இடது பக்கம் வீடுகளுக்கு இடையால் கடல் வந்து வந்து போனது. "அண்ணை, அது ஓடிப்போகாது, நிண்டுகொண்டுதான் இருக்கும்" என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் வேகத்தைக் குறைத்தார்.

கட்டைக்காட்டில் சூசை என்கிற மீன்பிடிகாரர் வானில் ஏறிக்கொண்டார். ஜெயா ரீச்சருக்குத் தெரிந்தவர், அந்தக் காட்டில் மாடு தேடித் திரிந்து பழகியவர். தார் றோட்டு முடிந்து மணல் பாதை தொடங்கிய இடத்தில் அவர் எல்லோருக்கும் ஒன்று சொன்னார். "கண்ணிவெடி எடுத்துப்போட்டினம் எண்டுதான் சொல்லுகினம். எண்டாலும் மாட்டுப் பாதையை விட்டு இறங்காதேங்கோ. ஈச்சம் முள்ளும் பொல்லாதது."

மச்சாள், பனையைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அங்கே போய் நின்றபோது இது எந்த மரம் என்று ஒரு கணம் யோசித்தேன். எங்கள் பக்கத்துப் பனைகளை நாங்கள் வருடா வருடம் வெட்டி வழித்து வைத்திருக்கிறோம், வேலிக்கு ஓலை, எரிக்கக் காவோலை என்று. அங்கே ஒருவரும் கை வைக்கவில்லை. காய்ந்த ஓலை எல்லாம் கழுத்திலிருந்து நிலம்வரை அடுக்கடுக்காகத் தொங்கிக்கொண்டு நிற்கிறது. மரத்தின் உடம்பே தெரியவில்லை. வரிசை இல்லை, இடைவெளி இல்லை. ஐந்தாறு பனை ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு, இடையில் இளம் வடலிகள், வடலிகளுக்குக் கீழே ஈச்சம்பற்றைகள். காற்று வந்தால் அந்தக் காவோலைகள் எல்லாம் சேர்ந்து உரசுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பது கேட்கவில்லை.

பழம் விழுந்து கிடந்த இடமெல்லாம் மாடு சூப்பின கொட்டைகள். "எங்கடை பக்கத்திலை விழுந்த உடனை பொறுக்கிக் கிழங்குக்குப் பாத்தி போட்டிடுவம்" என்று ஜெயா ரீச்சர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "இஞ்சை விழுந்த இடத்திலையே முளைக்குது. இல்லாட்டி மாடும் நரியும் கொண்டுபோய்ப் போட்ட இடத்திலை முளைக்குது. ஒருத்தரும் நடேல்லை."

அண்ணை வானை விட்டு இறங்கவில்லை. ஸ்ரேறிங்கில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள்ளால் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கினார். பாதையோரம் நின்ற ஒரு பனையைச் சுற்றி நடந்தார். திரும்பவும் சுற்றினார். பிறகு ஜெயா ரீச்சரிடம் வந்து கேட்டார்.

"இதைத்தானோ அவ பாக்கவேணும் எண்டு கேட்டவ?"

"ஓம்."

"எனக்கு இப்பிடி எண்டு தெரியாது" என்றார். அவ்வளவுதான். மறுபடி அந்த மரத்தடிக்கே போய்விட்டார்.

அப்போதுதான் ஜெயா ரீச்சர் என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"சுகந்தி, உமக்கு நான் ஒண்டு சொல்லவேணும். இவ்வளவு நாளும் வாய் வரேல்லை. தவத்துக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். ஒருநாள் சோதனைக்கு இரத்தம் குடுக்க நான்தானே கூட்டிக்கொண்டு போனனான். அண்டைக்கு டொக்டரிட்டை நேரை கேட்டவ. அவர் சொல்லிப்போட்டார். வெளியிலை வந்து வாங்கிலை இருந்து ஒரு சோடா குடிச்சவ. பிறகு என்னட்டைச் சொன்னா, 'ரீச்சர், அவை ரெண்டு பேரும் பாவங்கள், எவ்வளவு பாடுபட்டு நடிக்கினம். குழப்பிப்போடாதேங்கோ' எண்டு."

அது எப்போது என்று கேட்டேன். சித்திரையில் என்றார். மச்சாள், நீங்கள் அண்ணையிடம் சுண்டிக்குளம் போவோமா என்று கேட்டது சித்திரையில்தான். அவர் கதிரை போட்டு இருந்து பார் என்று சிரித்ததும் அதே கிழமைதான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உங்களில்தான். நான் காய்ச்சித் தந்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "இப்ப புண் கொஞ்சம் ஆறியிருக்குப் போலை, சுகந்தி" என்று சொன்னீர்களே. எனக்கு ஆறுதல் சொல்லவா அதைச் சொன்னீர்கள்? நாங்கள் உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் எங்களைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தீர்களா? ஒருநாளாவது மூன்று பேரும் ஒன்றாக இருந்து அழுதிருக்கலாமே. அதை ஏன் எங்களுக்குத் தரவில்லை? நாங்களும் உங்களுக்குத் தரவில்லை என்பதாலா?

இதுதான் நான் கேட்க நினைத்த கேள்வி. இனிமேல் பதில் வராது என்று தெரியும்.

அண்ணையிடம் சொல்வதா விடுவதா? காற்று அடித்துக்கொண்டே இருந்தது. சொன்னால் உடைந்துபோவார் என்று முதலில் நினைத்தேன். நினைத்த அந்த நிமிடமே, இதே மாதிரித்தான் அவர் உங்களைப் பற்றிச் சொன்னவர் என்று தெரிந்தது. போய்ச் சொன்னேன். ரீச்சர் சொன்னதை ஒரு சொல் விடாமல், சித்திரையையும் சேர்த்து.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "அப்ப, தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவ" என்றார்.

"ஓம், அண்ணை."

"நான் சிரிச்சனான்."

"நானும்தான்."

அவர் திரும்பி நடந்தார். மாட்டுப் பாதையில் அல்ல, குறுக்கே, ஈச்சம்பற்றைகளுக்கு உள்ளால். நான் கூப்பிட்டேன். காவோலைச் சத்தத்தில் கேட்டதோ கேட்கவில்லையோ, அவர் நிற்கவில்லை. இரண்டு பனைக்கு அங்கால் அவருடைய வெள்ளைச் சேட் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

சூசை ஓடிவந்தார். "என்ன வேலை பாக்கிறார் உந்த மனுசன்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் எல்லோரையும் வானடியில் நிற்கச் சொல்லிவிட்டுத் தான் போனார். நான் நிற்கவில்லை. சூசை கால் வைத்த இடத்தில் கால் வைத்து அவருக்குப் பின்னால் போனேன். ஈச்சம் முள்ளு சீலையைப் பிடித்து இழுத்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், நின்று கேட்போம், பிறகு நடப்போம். ஒரு இடத்தில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டு இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். ஒரு மாடு. முக்கால் மணித்தியாலம் இப்படித் திரிந்திருப்போம். அந்த நேரத்தில் உங்களிடம்தான் கேட்டேன், இவரையும் கூட்டிக்கொண்டு போய்விடாதேங்கோ என்று.

பனைகள் முடிந்து கடல்நீரேரி தொடங்குகிற வெளியில் அண்ணை இருந்தார். தண்ணீர் வற்றி, உப்புப் பூத்த வெள்ளை நிலம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டி இருந்தார். சூசை அவரைக் கண்டதும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நல்ல மனுசன்.

ஏசவேண்டும் என்று வந்தவள் நான். பக்கத்தில் இருந்தேன். வீட்டில் பத்து நிமிடம் சேர்ந்து இருக்க முடியாத நாங்கள் அங்கே அரை மணித்தியாலம் இருந்தோம். அண்ணை அழுதார். உங்கள் செத்தவீட்டில் அழாதவர். நானும் அழுதேன்.

பிறகு அவர் சொன்னார், "பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும். ஏசாதை." வலது காலைத் திருப்பிக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், ஓரமெல்லாம் கறுத்து. "ரெண்டு மாசமாய் இருக்கு. நோவில்லை. அதுதான் எனக்குப் பயம். சீனி வருத்தக்காரருக்கு நோகாட்டித்தான் கூடாதாம்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? நீயும் இப்பதானே ஒரு ஆளைப் பாத்து முடிச்சனி."

சூசை முன்னால் போக, நான் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு, மாட்டுப் பாதையாலேயே வானடிக்கு வந்து சேர்ந்தோம். ஜெயா ரீச்சர் அண்ணையின் காலைப் பார்த்துவிட்டு, கூட வந்த ஆண்களில் ஒருவரை வானை ஓட்டச் சொன்னார். தனக்கு ஓட்டம் பழக்கமில்லை என்று முதலே மறுத்த ஆள் அவர். பயந்து பயந்து, மாட்டு வண்டி போகிற வேகத்தில் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். அண்ணை பக்கத்து இருக்கையில் இருந்து கியர் மாற்றச் சொல்லிச் சொல்லி வந்தார்.

அடுத்தநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்கு விடாமல் அங்கேயே மறித்துவிட்டார்கள். விரலை எடுக்கவேண்டி வந்தது. கால் தப்பிவிட்டது, மச்சாள். இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் தப்பியிராது என்றார்கள். வார்ட்டில் முதல்நாள் டொக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒருக்கால் வெளியிலை வாறியளோ, கதைக்கவேணும்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் எழும்பவில்லை. "இவற்றை கால்தானே, டொக்டர். இவருக்கு முன்னாலையே சொல்லுங்கோ" என்றேன். டொக்டர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை, "ஓம், சொல்லுங்கோ" என்றார். என் கையைப் பிடித்த பிடி வலித்தது. ஆனால் முழுவதையும் கேட்டார். தானே இரண்டு கேள்வியும் கேட்டார்.

இப்போது வீட்டில்தான். மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது என்று சொல்லியிருப்பதால் வளவுக்குள் தடியை ஊன்றிக்கொண்டு அங்கும் இங்கும் நடக்கிறார். ஒரு இடத்தில் இருக்கமாட்டார், அது மாறவில்லை. எனக்கும்தான் மாறவில்லை. ஆனால் பின்னேரங்களில் உங்களைப் பற்றிக் கதைக்கிறோம். சில நாள் உங்களை ஏசியும் கதைக்கிறோம். நீங்கள் எங்களை ஏமாற்றியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாங்கள் ஏமாற்றியதை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று ரீச்சர் சொல்லுகிறார். அதை நீங்கள் சொல்லக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். இனி எங்கள் வளவில் யாருக்கு எந்த வருத்தம் வந்தாலும் அந்த ஆளுக்குத்தான் அது முதலில் தெரியும். என் வாயால்தான் சொல்லவேண்டி வந்தாலும் சொல்லுவேன். எனக்கு வந்தாலும் மறைக்கமாட்டேன், அண்ணையிடம் வந்து சொல்லுவேன். சொல்லிவிட்டு, எங்கே போகவேண்டும் என்று ஆசையோ அங்கே அந்தக் கிழமையே போவோம்.

அண்ணையின் தங்கையாக உங்களுக்கு வந்து வாய்த்த மச்சாள்,
சுகந்தி
அரியாலை