வலது காதுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமாக இருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். எப்படிப் பார்த்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

முதலில் வீட்டுச் செய்தி. குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கச் சொன்னால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அப்படியே உங்கள் ரத்தம், குறையை மூடுவதில் கெட்டிக்காரி. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகியது, நானே வாஷர் மாற்றிவிட்டேன். வருஷக் கடைசியில் அப்பா வருகிறார் என்று குட்டி நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வருகிறாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன் என்று போன மாதம் நீங்கள் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை கிரேன்காரரின் மனைவி எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு பென்டிரைவோடு வந்தாள். உங்கள் கேம்ப் வாசலில் அவள் வீட்டுக்காரரும் கூட வேலை செய்கிற நாலு பேரும் நிற்கிற படம். பெரிதாகப் பிரின்ட் போட்டு ஃப்ரேம் மாட்ட வேண்டும், அப்படியே அவர் தலைக்குக் கொஞ்சம் முடி வைத்துக் கொடுங்கள் என்றாள். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம், வருகிறவர்கள் கண் சுவரில்தான் இருக்குமாம். முதலாளி வழக்கம்போல என் பக்கம் தள்ளிவிட்டார். முகத்துக்கு வெளிச்சம் போடுவது அவர், கம்ப்யூட்டரில் தலைக்கு முடி வைப்பது நான், இது எங்கள் கடையில் எழுதாத சட்டம்.

பதினோரு வருஷமாக ஆண்கள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் தலைக்கு எது எடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உச்சியில் இல்லாமல் பக்கத்தில் மட்டும் நீளமாக விட்டால் வழுக்கைதான் முதலில் தெரியும். அதையே மிஷின் போட்டு ஒட்ட வெட்டினால் தோலும் முடியும் ஒன்றாகி, மனுஷன் முகம் வெளியே வரும். முழுக்க மழிப்பதென்றால் மண்டை நல்ல உருண்டையாக இருக்க வேண்டும். பின்மண்டை தட்டையாக இருக்கிறவர்கள் கொஞ்சம் தாடி விட்டுச் சரிக்கட்டலாம். முடி வைக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லித் தொலைப்பேன். முதலாளி கண்ணாடிக்கு மேல் வழியாக முறைப்பார்.

அந்தப் படத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் ஒட்ட வெட்டியிருந்தார்கள், இரண்டு பேர் பளபள மொட்டை. கிரேன்காரர் மட்டும்தான் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொத்தாக வைத்துக்கொண்டு பரிதாபமாக நின்றார். நான் வேலை செய்யும்போது முகம் பார்ப்பதில்லை. நெற்றிக்கு மேலே மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கிக்கொள்வேன். அன்றைக்கு ஏதோ நினைப்பு, கிரேன்காரரோடு நிறுத்தாமல் கை பாட்டுக்கு அடுத்தடுத்த தலைக்கும் போய்விட்டது. ஐந்து தலைக்கும் முடி வைத்துவிட்டேன். கடைசித் தலை ஒரு மொட்டை. அதற்கு இடது பக்கம் வகிடு எடுத்து வலது பக்கமாக இழுத்துவிட்டேன். ஏன் அப்படி இழுத்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த ஆள் பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்ததால் வலது காதும் அதன் பின்பக்கமும் தெரிந்தன. காதுக்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. படத்தில் ஏதோ தூசி என்று நினைத்து அதை அழிக்க மவுஸைக் கொண்டுபோனேன். அப்புறம்தான் கை நின்றது. படத்தைச் சின்னதாக்கி முகத்தைப் பார்த்தால், நீங்கள்.

கட்டிய புருஷனைக் கால்மணி நேரம் அடையாளம் தெரியாமல் அவர் தலையிலேயே வேலை செய்திருக்கிறேன். கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். ஆனால் என் மேல் என்ன தப்பு? மொட்டைத் தலையோடு உங்களை நான் பார்த்ததே இல்லை. பல் தெரியச் சிரித்தும் பார்த்து வருஷக்கணக்காகிறது.

நன்றாக இருக்கிறீர்கள். பொய் சொல்ல மாட்டேன், என் வயிறு எரிகிற அளவுக்கு நன்றாக இருக்கிறீர்கள். பத்து வயசு குறைந்துவிட்டது. கழுத்து நிமிர்ந்திருக்கிறது. காற்று அடித்துக்கொண்டிருக்கிறது, பின்னால் கொடி பறக்கிறது, ஆனால் உங்கள் கை தலைக்குப் போகவில்லை.

இதைத்தானே நான் சொன்னேன்? ஒருமுறையா இருமுறையா? கல்யாணமாகி மூன்றாம் வருஷம் முடி கொட்ட ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் சரியில்லை என்றீர்கள், அப்புறம் நான் வாங்கிய எண்ணெய் சரியில்லை என்றீர்கள், கடைசியில் என் வாய்தான் காரணம் என்றீர்கள். சலூன்காரர் ஏதோ கிண்டல் செய்தார் என்று அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு குளியலறையில் ஸ்டூல் போட்டு, கழுத்தில் பழைய துண்டைச் சுற்றி நான்தான் வெட்டினேன். இடது பக்கத்து நீள முடியை மட்டும் தொடக் கூடாது. அது உங்கள் சொத்து. அதை வழுக்கைக்கு மேலாக இழுத்துப் படியவைத்து, கண்ணாடி பார்த்து, மறுபடி இழுத்துப் படியவைத்து. மேடைக்குப் பக்கத்தில் பெரிய ஃபேன் வைத்திருப்பார்கள் என்று குட்டியின் பள்ளி விழாவுக்குக்கூட நீங்கள் வரவில்லை.

இதெல்லாம் எதற்கு, மொத்தமாக மழித்துவிடுங்கள், உங்கள் மண்டை நல்ல உருண்டை, எனக்கு அந்தத் தலை பிடிக்கும் என்று சொன்னேன். சீப்பைத் தூக்கி என் மேல் எறிந்தீர்கள். நான் உனக்குக் கேலிப்பொருளா என்று கேட்டு நாலு நாள் பேசவில்லை. வெளிநாட்டு ஏஜென்ட்டுக்குக் கொடுத்த படத்தில் உங்களுக்கு முடி வைத்துக் கொடுத்ததும் நான்தான். அந்த முடியை வைத்து நானே உங்களை அனுப்பி வைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, நான் சொல்லிக் கேட்காத ஒரு காரியத்தை யாரோ சொல்லிச் செய்திருக்கிறீர்கள். யார் சொன்னது, யார் மழித்தது? அதைமட்டும் எழுதுங்கள். வம்பு பிடிக்கக் கேட்கவில்லை. இன்னும் ஒன்று கவனித்தேன், அதனால்தான் கேட்கிறேன். பதில் வந்ததும் அதைச் சொல்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மழித்த தலைக்கு வெயில் ஆகாது, தொப்பி போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


புதன்கிழமை, கடையில் சாப்பாட்டு நேரம்

அன்புள்ளவருக்கு,

என் கடிதம் அங்கே வந்து சேரப் பத்து நாள் ஆனது. போன வாரம் உங்கள் பதில் போனில் வந்தது. மொத்தம் ஐந்து வரி. ஐந்தில் நாலு அந்தப் பிரின்ட்டைப் பற்றி.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். மற்ற மூன்று பேருக்கு வைத்த முடியை எடுத்துவிட்டேன். கிரேன்காரருக்குக் கேட்டபடி வைத்துக் கொடுத்தேன். உங்கள் தலையில் இருந்ததை எடுக்கவில்லை. எடுக்காதது மட்டுமா, உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டேன். இடமிருந்து வலமாக ஒவ்வொரு இழையாக, நடுவில் தோல் தெரிகிற இடத்தில் தெரியும்படியே விட்டு, நீங்கள் எப்படிப் படியவைப்பீர்களோ அப்படியே. அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஃப்ரேம் மாட்டுவதற்கு முன்பே கிரேன்காரர் மனைவி பிரின்ட்டை போனில் எடுத்து அனுப்ப, கேம்ப் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிரிக்கட்டும். நான் இங்கே அழுதுகொண்டிருந்தேன், அதற்கு யாரும் படம் பிடிக்கவில்லை.

ஐந்தாவது வரி, கேம்ப் பக்கத்து சலூனில் மழித்தேன், வெயில் தாங்காமல் நானாகத்தான் செய்தேன், இதில் யார் சொல்ல என்ன இருக்கிறது என்பது.

நான் கவனித்தது என்ன என்று இப்போது சொல்கிறேன். அந்தப் புடைப்பு கொழுப்புக் கட்டிதான், பயமில்லை, ஆனால் அமுக்கினால் வலிக்கும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? முதல்முறை தெரியாமல் அதன்மேல் மிஷினை ஓட்டிவிட்டேன், ரத்தம் வந்தது. இரண்டாம் முறை தெரிந்தும் கை தவறியது. துண்டில் மூன்று சொட்டு, வீடே இரண்டுபட்டது. அதற்கப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கை ஆள்காட்டி விரலைக் கட்டியின்மேல் வைத்துக்கொண்டு அந்த விரலைச் சுற்றி மிஷினைத் திருப்புவேன். அப்படிச் செய்தால் கட்டியைச் சுற்றி ஒரு நூல் அளவுக்கு முடி நிற்கும். அதைக் கத்தரியால் எடுக்கப் போனால் நீங்கள் கூசி நெளிவீர்கள் என்று அப்படியே விட்டுவிடுவேன்.

படத்தில் உங்கள் தலை முழுக்க மழமழ என்று இருக்கிறது. அந்தக் கட்டியைச் சுற்றி மட்டும் ஒரு நூல் அளவுக்கு முடி நிற்கிறது. திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது எந்த சலூன்காரர் விரல் வைத்து மழிப்பார்? நீங்களே செய்துகொள்ளவும் முடியாது, அது கண்ணுக்குத் தெரியாத இடம். அந்த விரலை வைத்த ஆளுக்கு நேரம் இருந்திருக்கிறது. உங்களுக்கு வலிக்கக் கூடாது என்ற நினைப்பும் இருந்திருக்கிறது.

அப்படியும் மனசு கேட்கவில்லை. ஒருவேளை நல்ல சலூன்காரராக இருக்கலாம், வீணாகப் புழுங்குகிறேன் என்று இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டேன். கிரேன்காரர் மனைவி ஃப்ரேமை வாங்க வந்தபோது, கேம்ப் பக்கத்தில் சலூன் நன்றாக இருக்கிறதாமே என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். சலூனா, அந்தப் பொட்டல்காட்டில் சலூனுக்கு எங்கே போவது, எங்கள் வீட்டுக்காரர்தான் வாரவாரம் மிஷின் எடுத்து எல்லோருக்கும் அடித்துவிடுவார் என்றாள். அப்படியென்றால் குட்டியின் அப்பாவுக்கும் அவர்தானா என்றேன். இல்லை, அவர் மட்டும் லீவு நாளில் டவுனுக்குப் போய் என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஃப்ரேமைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். அப்புறம் குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

டவுனில் இருக்கிற அவள் யார், என்ன வேலை செய்கிறாள் என்றெல்லாம் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் என்னைத் தின்கிறது. நான் சொன்னபோது கேலியாகப் பட்டது, அவள் சொன்னபோது எப்படி அக்கறையாகப் பட்டது? ஒரே தலை, ஒரே யோசனை. நான் எட்டு வருஷம் அந்த நீள முடியைக் காப்பாற்றிக் கொடுத்தேன். அவள் ஒரே நாளில் அதை வழித்துப் போட்டாள், நீங்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பொய்க்கு ஒத்தாசை செய்தது என் குற்றம் போலிருக்கிறது. தலையைக் குனிந்து அவள் முன்னால் உட்கார்ந்தீர்களே, அது எனக்குத் தாங்கவில்லை. வேறு எது நடந்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

முடி வைக்காத அந்தப் படத்தைச் சின்னதாகப் பிரின்ட் போட்டுக் குட்டியிடம் காட்டினேன். முதலில் யார் இந்த மாமா என்றாள். அப்பா என்றதும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்பா அழகா இருக்காரு, பள்ளி விழாவுக்கு இப்படியே வரச் சொல்லு என்றாள். வாயை மூடிக்கொள்ள மறந்து, ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். நாட்காட்டியில் இன்னும் நாற்பத்தொரு கட்டம் இருக்கிறது. அவள் அடித்துக்கொண்டே போகிறாள், நான் தடுக்கவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். வருவதாக இருந்தால் இந்தத் தலையோடு வாருங்கள். இங்கே வந்து மறுபடி அந்த முடியை வளர்த்து, துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால், சத்தியமாக என்னால் கத்தரியைத் தொட முடியாது.

வரவில்லை என்றால் அவளிடம் ஒரு விஷயம் சொல்லிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டியைத் தொட்டு அளவு பார்க்க வேண்டும், பெரிதானால் உடனே காட்ட வேண்டும் என்பது டாக்டர் பேச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் அன்றைக்கும் தலையை மூடுவதிலேயே குறியாக இருந்தீர்கள். கடைசியாக நான் பார்த்தபோது பட்டாணி அளவு. அமுக்க வேண்டாம், விரலைச் சும்மா மேலே வைத்தால் போதும். அவளுக்குத்தான் அது தெரியுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா