இரண்டாவது அடி

மார்ச் 4, செவ்வாய்
டிரம்ஸுக்கு டிரிக்கர் மாட்டியாயிற்று. தோலைக் கழற்றிவிட்டு வலை. விளிம்பில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார், அதிலிருந்து சத்தத்தை உண்டாக்கும் பெட்டிக்கு ஒரு ஒயர். அடித்தால் அறையில் சத்தமில்லை, ஹெட்ஃபோனுக்குள் மட்டும் இடி. அடுக்குமாடியில் இதைவிட நாகரிகமாக ஒருத்தி டிரம்ஸ் வாசிக்க முடியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே குறை. காலால் மிதிக்கிற பெரிய டிரம் — கிக் — ஒன்று மிதித்தால் சில சமயம் இரண்டு கேட்கிறது.

மார்ச் 6
இன்றும் இரண்டு. ஓர் அடிக்குப் பிறகு சென்சார் எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பெட்டியில் ஒரு எண் உண்டு. கூட்டினேன். என் வேகமான அடிகளை விழுங்கிவிட்டது. அந்த இரண்டாவது மட்டும் மாமியார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி நிதானமாக வந்து சேர்கிறது.

மார்ச் 9, ஞாயிறு
பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியைகள் நாங்கள் நால்வர் வாசிக்கிறோம். கிட்டாரும் அதிகாரமும் கணக்கு டீச்சரிடம். இன்று போனில் சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை ரெக்கார்ட் பண்ணி அனுப்புடி. சரியா வரலன்னா தாளத்த லேப்டாப்புல போட்டுக்கலாம். நீ கோரஸ் பாடு."

கோரஸ். வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் இத்தனை வருஷமாக நான் பாடுவது அதைத்தானே? நாற்பத்தாறு வயதில் குச்சியைக் கையில் எடுத்ததே அதிலிருந்து எழுந்து வரத்தான். விடமாட்டேன்.

மார்ச் 11
எவ்வளவு சின்ன அதிர்வைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதற்கும் ஒரு எண்: த்ரெஷோல்ட். ஏற்றினேன். என் மெல்லிய அடிகள் செத்தன, அது சாகவில்லை. சோதிக்க ஒன்று மிதித்தேன். பதிலுக்கு ஒன்று. இரண்டு மிதித்தேன். பதிலுக்கு இரண்டு. பெட்டிக்குள் என்ன, ஆளா உட்கார்ந்திருக்கிறது?

லிஃப்டில் கீழ்வீட்டு சாரைப் பார்த்துச் சிரித்தேன். ரிட்டயரான மனுஷன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்ச சுபாவம் போல.

மார்ச் 15
அந்த அடியோடேயே பதிவு செய்து அனுப்பிவிட்டேன். போச்சு.

மார்ச் 16
"அந்த லேட்டா வர்ற கிக் யார் ஐடியா? அதுலதான்டி பாட்டே நிக்குது. அப்படியே வாசி," என்றாள் கணக்கு டீச்சர்.
என்னுடையதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 18
கணவருக்கு விடுமுறை. நான் வாசிக்கும்போது அவர் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. நடுவில் வந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"கீழ்வீட்டு சார் கம்பால இடிக்கிறாரும்மா. உனக்குக் கேக்கலையா?"

கேட்டது. இரண்டு வாரமாக, துல்லியமான ஸ்டீரியோவில் கேட்டது.

என் மிதி தரை வழியே அவர் தலையில் இறங்குகிறது. அவர் இடிப்பது தரை வழியே என் சென்சாரில் ஏறுகிறது. பாவம், அந்த மனுஷன் கெஞ்சக் கெஞ்ச நான் எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன். அது மட்டுமா — அவர் இடிக்க இடிக்கப் பதிலுக்கு மிதித்திருக்கிறேன். ஐயோ, லிஃப்டில் சிரித்து வேறு வைத்தேனே!

மார்ச் 19
போய் மன்னிப்புக் கேட்டேன். "இடிச்சா பதிலுக்கு இடிக்கிறீங்களேம்மா. படிச்சவங்க செய்ற காரியமா?" என்றார்.

மாலையில் டிரம்ஸுக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் டென்னிஸ் பந்துகள். கணவர் கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒரு சத்தமும் இல்லையாம். கிக் சுத்தம். ஒன்றுக்கு ஒன்று.

மார்ச் 21
பாட்டு படுத்துவிட்டது. இரண்டாவது அடியை நானே போட்டுப் பார்க்கிறேன், ஒட்டவில்லை. ரொம்பச் சரியாக விழுகிறது. கணக்கு டீச்சர் லேப்டாப் சார்ஜ் ஏறிவிட்டதாகத் தகவல் அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 22
மறுபடி கீழே. எப்படி இடித்தீர்கள், சார்? என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலியில்லை என்று தெரிந்ததும் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து கூரையில் இடித்துக் காட்டினார்.

"மொதல்ல போனாப் போகுதுன்னு விடுவேன்மா. அப்புறம் முடியாது. அப்பதான் இடிப்பேன்."

போனால் போகிறதென்று விடுவது. பிறகு முடியாமல் போவது. இது எனக்குத் தெரியாததா?

மேலே வந்து உட்கார்ந்தேன். இரண்டாவது அடி தாமதமாக, சரியாக விழுந்தது.

மார்ச் 28
விழா முடிந்தது. லேப்டாப் பையை விட்டு வெளியே வரவில்லை. சார் முன்வரிசையில். அந்த அடி வரும்போதெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரர் விலாவில் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2
லிஃப்டில் சார்: "இப்பல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல. வாசிக்கிறீங்களா, விட்டுட்டீங்களான்னே தெரியல."

மாலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஓர் இடி.

எழுந்து, குதிகாலால் தரையில் ஒன்று வைத்தேன். கொஞ்சம் விட்டு, பதில் வந்தது.